இரவல் இலக்கம்

ஸ்காபரோவில் சின்ன அலுவலகங்களுக்குக் கணினி வலையமைப்புப் போட்டுக் கொடுப்பது என் தொழில். வருமானவரிக் கணக்குப் பார்ப்பவர்கள், பல் வைத்தியர்கள், சாரதிப் பயிற்சிப் பள்ளிகள், சட்டத்தரணிகள். பெரும்பாலும் ஒரு கடைக்கு மேல்மாடி. ஐந்தாறு கணினி, ஒரு பிறிண்டர், ஒரு றவுட்டர், மூலையில் தேநீருக்கு ஒரு கேத்தில். எல்லாரும் என்னைக் கூப்பிட்டுச் சொல்வதும் ஒரே வசனம்தான்: "தம்பி, நெற் வேலை செய்யுதில்லை."

நான் திருப்பிக் கேட்கும் முதல் கேள்வி, "அந்தக் கொம்பியூட்டரின்ரை இலக்கம் என்ன?" அவர்களுக்குக் கோபம் வரும். வேலை செய்யாத பொருளுக்கு இலக்கம் எதற்கு? ஆனால் சின்ன அலுவலகங்களில் நான் கண்ட கோளாறுகளில் பல, இலக்கத்தில் வந்து முடிந்தவைதான். ஒன்றுக்கு இலக்கம் கிடைத்திராது. இரண்டு பொருளுக்கு ஒரே இலக்கம் கிடைத்திருக்கும். அல்லது நேற்று ஓர் இலக்கத்தில் இருந்தது இன்று வேறொன்றில் இருக்கும், தேடிப் போனவருக்கு அது தெரிந்திராது.

ஒரு கணினி இன்னொன்றுடன் பேச அதற்கு ஐபி முகவரி வேண்டும். நான்கு எண்கள், இடையில் புள்ளி. ஒவ்வொரு எண்ணும் 0 முதல் 255 வரை போகலாம். இன்றும் நாம் பாவிக்கும் வடிவம் 1981 செப்ரெம்பரில் வெளியான ஆவணம் ஒன்றில் எழுதப்பட்டது. இப்படி அமைக்கக்கூடிய முகவரிகள் மொத்தம் 429 கோடியே 49 இலட்சத்து 67 ஆயிரத்து 296. இணையத்தை வடிவமைத்தவர்களில் ஒருவரான வின்ற் சேர்ஃப் இந்த அளவு போதும் என்று 1977 இல் முடிவெடுத்தார். அப்போது அது ஒரு பரிசோதனை என்றே நினைத்ததாகப் பின்னாளில் பலமுறை சொல்லியிருக்கிறார். பரிசோதனை முடியவில்லை, உலகம் அதற்குள் குடிவந்துவிட்டது. 2011 பெப்ரவரி 3 ஆம் திகதி பொதுக் கையிருப்பில் எஞ்சியிருந்த கடைசி ஐந்து கட்டுகளையும் ஐந்து பிராந்தியப் பதிவகங்களுக்கும் பங்கிட்டுக் கொடுத்தார்கள். வட அமெரிக்காவின் பங்கு 2015 செப்ரெம்பரில் தீர்ந்தது.

தட்டுப்பாடு வரும் என்பது அதற்கு வெகு முன்னரே தெரிந்துவிட்டது. 1996 பெப்ரவரியில் 1918 என்ற இலக்கத்துடன் ஓர் ஆவணம் வந்தது. மூன்று தொகுதி முகவரிகளை ஒதுக்கி, இவற்றை யாரும் கேட்டுக்கேள்வியில்லாமல் தங்கள் வீட்டுக்குள், அலுவலகத்துக்குள் பாவிக்கலாம் என்றது. 10 இல் தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரையானவை, 192.168 இல் தொடங்குபவை. இவற்றுக்கு ஒரேயொரு நிபந்தனை. வெளியே, பொது இணையத்தில், இவை செல்லாது.

இதை வாசிக்கும் உங்கள் வீட்டு றவுட்டரின் முகவரி 192.168.1.1 ஆகவோ 192.168.0.1 ஆகவோ இருக்க நல்ல வாய்ப்புண்டு. என் வீட்டிலும் அதுதான். ஒஸ்லோவில் இருக்கும் என் தங்கை வீட்டிலும் அதுதான். உள்ளே எத்தனை கணினி இருந்தாலும் வெளியுலகத்துக்குத் தெரிவது, இணைய நிறுவனம் றவுட்டருக்குத் தந்த ஒரு முகவரி மட்டுமே. உள்ளேயிருந்து யார் எதைக் கேட்டு அனுப்பினார் என்று றவுட்டர் ஒரு பதிவேடு வைத்திருக்கும். பதில் வரும்போது அதைப் பார்த்து உரியவரிடம் கொடுக்கும். நீங்கள் கேட்காமல் வெளியிலிருந்து ஒருவர் தேடி வந்தால், பதிவேட்டில் அவர் பெயர் இல்லை. றவுட்டர் பேசாமல் கதவை மூடிவிடும்.

உள்ளே இலக்கம் கொடுப்பவரும் பெரும்பாலும் இதே றவுட்டர்தான். அந்த முறைக்கு டிஎச்சிபி என்று பெயர். ஒரு கணினியைப் போட்டவுடன் நடக்கும் உரையாடலை நான் படிக்க வரும் பிள்ளைகளுக்கு இப்படிச் சொல்வேன். புதிதாக வந்தது தெருவில் நின்று கத்துகிறது: "இஞ்சை ஆரும் இருக்கிறியளோ? எனக்கொரு இலக்கம் வேணும்." அதற்கு இன்னும் முகவரி இல்லாதபடியால் தன் பெயரை 0.0.0.0 என்று சொல்கிறது. றவுட்டர், "நான் இருக்கிறன். 112 சும்மா கிடக்கு, எடுக்கிறியோ?" என்கிறது. "ஓம், 112 ஐயே தாருங்கோ." "சரி, நாளைக்கு இந்த நேரம்வரைக்கும் அது உன்ரை." நான்கு வசனங்கள், ஒரு கண்சிமிட்டும் நேரம்.

கடைசி வசனம்தான் முக்கியம். இலக்கம் இரவல். தவணை உண்டு. பாதித் தவணை போனதும் கணினி தானே திரும்பப் போய், "இன்னும் கொஞ்ச நாள் வைச்சிருக்கட்டோ?" என்று கேட்கும். கேட்காமல் விட்டால் தவணை முடிய அந்த இலக்கம் அடுத்து வருபவருக்குப் போகலாம். கூப்பிட்டும் யாரும் பதில் சொல்லாவிட்டால் கணினி 169.254 இல் தொடங்கும் ஓர் இலக்கத்தைத் தனக்குத் தானே சூட்டிக்கொள்ளும். அதை வைத்து, அதே கதியில் பக்கத்தில் நிற்கும் இன்னொன்றுடன் பேசலாம். வேறெங்கும் போகமுடியாது. 169.254 என்று யாராவது போனில் வாசித்துச் சொன்னால், வயரைப் பார்க்கச் சொல்வேன்.

இரவல் முறை நல்ல முறை. வந்து போகிறவர்களுக்கு அதுவே தோது. ஆனால் எல்லாருக்கும் அது சரிவராது என்பதற்கு ஒரு திங்கட்கிழமையைச் சொல்ல வேண்டும்.

2014 ஐப்பசி. அகதிக் கோரிக்கைகளுக்கு ஆவணம் தயாரிக்கும் ஒரு சட்ட அலுவலகம். அதை நடத்திய அக்கா காலை ஒன்பது மணிக்கு முன்னரே எடுத்தார். "தம்பி, திங்கட்கிழமை எண்டாலே இந்தப் பிறிண்டருக்கு விசர் பிடிக்குது. மூண்டு பக்கம் அடிக்கும், நிக்கும். பிறகு ஒண்டுமில்லை. இண்டைக்கு எனக்கு ஒரு பைல் கட்டாயம் போகவேணும்."

கனடாவில் அகதி விசாரணைக்குச் சமர்ப்பிக்கும் ஆவணங்கள், விசாரணைத் திகதிக்குப் பத்து நாள் முன்னராவது போய்ச் சேர வேண்டும். அந்தப் பைலுக்கு அன்றுதான் கடைசி நாள். 184 பக்கம். மரணச் சான்றிதழ், அதன் மொழிபெயர்ப்பு, வைத்தியரின் கடிதம், கிராம சேவகரின் கடிதம், பத்திரிகைத் துண்டுகள். கோரிக்கைக்காரர் இருபத்துநான்கு வயதுப் பெடியன். பிறிண்டருக்குப் பக்கத்தில் கதிரை போட்டு இருந்தார், ஆசுப்பத்திரியில் நோயாளிக்குப் பக்கத்தில் இருப்பதுபோல.

எனக்குப் பிடிபட்ட சொல் "திங்கட்கிழமை". இயந்திரத்துக்குக் கிழமை தெரியாது. ஆட்களுக்குத்தான் தெரியும். வெள்ளி பின்னேரம் இங்கே என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். எல்லாவற்றையும் நிற்பாட்டிவிட்டுப் போவார்களாம். மற்ற நாட்களில் பிறிண்டர் இரவும் பகலும் ஓடும். திங்கள் காலை எட்டு மணிக்கே வரவேற்பறை நிறைந்துவிடும். முதல் பிரதி எடுக்க வேண்டி வரும்போதுதான் யாராவது பிறிண்டரைப் போடுவார்கள்.

பிறிண்டரின் பின்பக்கத்தில் வயரைக் கழற்றிவிட்டு, அதன் இலக்கமான 192.168.1.105 ஐ ஒரு கணினியிலிருந்து கூப்பிட்டுப் பார்த்தேன். இது எங்கள் தொழிலில் பிங் பண்ணுவது. வயர் இல்லாத பிறிண்டர் பதில் சொல்லக்கூடாது. ஆனால் பதில் வந்தது. 105 இல் வேறொருவர் இருக்கிறார்.

கணினிகள் அண்மையில் பேசியவர்களின் வன்பொருள் முகவரியைக் குறித்து வைத்திருக்கும். பன்னிரண்டு எழுத்து, அதில் முதல் ஆறு செய்த நிறுவனத்தைக் காட்டும். பார்த்தேன், ஒரு கைத்தொலைபேசி நிறுவனம். இப்போதைய போன்கள் அந்த எழுத்துகளை மாற்றி மறைத்துக்கொள்ளும். அன்று அப்படியில்லை. நான் எழும்பி வரவேற்பறையை எட்டிப் பார்த்தேன். ஒன்பது பேர், ஒன்பது போன். சுவரில் வைஃபை கடவுச்சொல் பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது.

நடந்தது இதுதான். முன்னர் ஒருவர் அந்தப் பிறிண்டருக்கு 105 என்ற இலக்கத்தைக் கையால் எழுதி வைத்திருந்தார். அது நல்ல காரியம், பிறிண்டருக்கு மாறாத இலக்கம் வேண்டும். ஆனால் றவுட்டரோ 100 முதல் 199 வரை வருபவர்களுக்கெல்லாம் இரவல் கொடுத்துக்கொண்டிருந்தது. 105 எடுபட்டுவிட்டது என்று அதற்கு எவரும் சொல்லவில்லை. சில றவுட்டர்கள் ஓர் இலக்கத்தைக் கொடுக்க முதல் அந்தக் கதவை ஒருமுறை தட்டிப் பார்க்கும். பிறிண்டர் விழித்திருக்கும் நாட்களில் அது பதில் சொன்னது, தப்பியது. திங்கள் காலை அது நித்திரை. ஐந்து கணினிகளும் 100 முதல் 104 வரை எடுக்க, ஆறாவதாக வந்த போனுக்கு 105 கிடைத்தது. பிறகு பிறிண்டர் எழும்பியது. ஒரே இலக்கத்துக்கு இருவர். அனுப்பிய பக்கங்கள் சில பிறிண்டரைத் தேடிப் போயின, சில ஒருவரின் சட்டைப் பையைத் தேடிப் போயின.

"ஆற்றை போன் எண்டு கண்டுபிடிச்சு நிப்பாட்டச் சொல்லுவமோ?" என்று அக்கா கேட்டார்.

"வேண்டாம் அக்கா. அவையில பிழையில்லை. வந்து கேட்டவை, றவுட்டர் குடுத்தது."

பிறிண்டரை இரவல் எல்லைக்கு வெளியே, 192.168.1.10 க்குக் கொண்டுபோனேன். ஐந்து கணினிகளிலும் புதிய இலக்கத்தைச் சொன்னேன். இருபத்தைந்து நிமிடம். போன்காரர் அங்கேயே இருந்தார், அவருக்கு ஒன்றும் தெரியாது. பிறிண்டர் ஓடத் தொடங்கியது. பெடியன் வரும் தாள்களை ஒவ்வொன்றாகத் தட்டி அடுக்கினார். பின்னேரம் இரண்டு மணிக்குப் பைல் போனது.

நான் கருவிகளை எடுத்து வைக்கும்போது அக்கா அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்தது. "ஒரு வருசத்தில மூண்டு வீடு மாறியிட்டீர். இனி மாறினா அண்டைக்கே எனக்கும் சொல்லவேணும், அவைக்கும் அறிவிக்கவேணும். கடிதம் பழைய விலாசத்துக்குப் போய், நீர் விசாரணைக்கு வராட்டி, கேசைக் கைவிட்டிட்டீர் எண்டு மூடிப்போடுவினம்." அது சட்டத்தில் உள்ளதுதான். அவருக்கு எங்கும் போகலாம், எந்த நிலக்கீழ் அறையிலும் குடியிருக்கலாம். ஆனால் ஒரு கடிதம் அவரைத் தேடி வரும். தேடி வரும்போது அவர் சொன்ன இடத்தில் இருக்க வேண்டும்.

அன்றிலிருந்து புதிதாக ஓர் அலுவலகத்துக்குப் போனால் வயரில் கைவைக்க முதல் ஒரு கடதாசியில் இரண்டு பத்தி போடுவேன். ஒரு பத்தியில் மற்றவர்களைத் தேடிப் போகிறவர்கள். மடிக்கணினிகள், போன்கள், விருந்தாளிகள். அவர்களுக்கு இரவல் போதும். அடுத்த பத்தியில் மற்றவர்களால் தேடப்படுகிறவர்கள். பிறிண்டர், பைல்கள் இருக்கும் சேர்வர், கமராக்களின் பதிவுப் பெட்டி. இவர்களின் இலக்கம் மாறக்கூடாது.

ஒரு சாதாரணச் சின்ன வலையமைப்பில் 254 இலக்கம் பாவிக்கலாம். நான் பிரிப்பது இப்படி. 1 றவுட்டருக்கு. 2 முதல் 9 வரை சுவிற்சுக்கும் வைஃபைப் பெட்டிகளுக்கும். 10 முதல் 19 வரை பிறிண்டர்கள். 20 முதல் 29 வரை சேர்வர். 30 முதல் 99 வரை வெறுமையாக விடுவேன், பின்னர் வரப்போகும் பொருட்களுக்கு. 100 முதல் 199 வரை இரவல், 24 மணித்தியாலத் தவணை. 200 க்கு மேல் கமராக்கள். வாடிக்கையாளர்களின் போனுக்கு வேறாக ஒரு விருந்தினர் வைஃபை, அதற்கு இரண்டு மணித்தியாலத் தவணை. மாறாத இலக்கத்தை அந்தந்தப் பொருளில் கையால் எழுதுவதைவிட, றவுட்டரிலேயே "இந்த வன்பொருளுக்கு எப்போதும் இந்த இலக்கம்" என்று பதிந்து வைப்பது நல்லது. அப்போது எல்லாப் பெயரும் ஒரே ஏட்டில் இருக்கும். அந்த ஏட்டை அச்சடித்து, றவுட்டர் இருக்கும் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் ஒட்டிவிடுவேன். எனக்குப் பிறகு வருபவர் யாரென்று தெரியாது. அவருக்கு அது உதவும்.

முதல் மூன்று எண்களைத் தெரிவதிலும் ஒரு விடயம் உண்டு. அதை 2020 பங்குனி எல்லாருக்கும் கற்றுக்கொடுத்தது. ஒரு கணக்காளர் அலுவலகத்தில் ஏழு பேர் ஒரே கிழமையில் வீட்டுக்குப் போய்விட்டார்கள். வீட்டிலிருந்து அலுவலகத்துக்கு விபிஎன் வழியாக இணைத்துக் கொடுத்தேன். நால்வருக்கு வேலை செய்தது, மூவருக்குச் சேர்வர் கிடைக்கவில்லை. அலுவலகச் சேர்வர் 192.168.1.20. அந்த மூவரின் வீட்டு வலையமைப்பும் 192.168.1 தான். 20 ஆம் இலக்கத்தைத் தேடு என்றால் மடிக்கணினி வெளியே போகவே இல்லை. அந்த முகவரி இந்த வீட்டுக்குள்தான் என்று முடிவெடுத்து, குசினிக்கும் கூடத்துக்கும் இடையில் தேடிக்கொண்டிருந்தது. ஒரு ஞாயிறு முழுக்க இருந்து அந்த அலுவலகத்தை 192.168.47 க்கு மாற்றினேன். எவர் வீட்டிலும் இல்லாத ஓர் எண் வேண்டும், அவ்வளவுதான். திங்கள் காலை மூவரும் உள்ளே வந்துவிட்டார்கள்.

இந்தத் தட்டுப்பாட்டுக்கெல்லாம் முடிவாகப் புதிய முகவரி முறை ஒன்று இருக்கிறது. 128 பிற் நீளம், ஒவ்வொரு மின்குமிழுக்கும் தனி முகவரி கொடுத்தாலும் தீராது. கைத்தொலைபேசி வலையமைப்புகளில் அது தாராளமாக ஓடுகிறது. நான் போகும் மேல்மாடிகளில் இன்னும் நான்கு எண்கள்தான் அரசாட்சி.

நான் போட்ட வலையமைப்புகளில் ஆகச் சின்னது என் மாமி வீட்டில் இருக்கிறது. அதில் ஒரேயொரு மாறாத இலக்கம்தான்.

மாமி 1994 இல் மூத்த மகளிடம் ரொறன்ரோவுக்கு வந்தார். வந்த மாதமே 416 இல் தொடங்கும் ஒரு ரெலிபோன் எடுத்தார்கள். இளையவன் யாழ்ப்பாணத்தில் அம்மம்மாவுடன் நின்றான். மாமி கடிதத்தில் அந்த இலக்கத்தை எழுதி அனுப்பினார். 1995 ஐப்பசி கடைசியில் வலிகாமமே எழும்பி நடந்தபோது அவனும் அம்மம்மாவும் தென்மராட்சிக்குப் போனார்கள். அங்கிருந்து ஒரு கடிதம் வந்தது. இருக்கிற இடத்துக்கு விலாசம் இல்லை, உங்கடை நம்பரைப் பாடமாக்கி வைச்சிருக்கிறன், கொழும்புக்குப் போகக் கிடைச்சால் எடுப்பன் என்று எழுதியிருந்தான். அடுத்த ஆண்டு ஊர் திரும்பிய பின்னர் ஒரு சுற்றிவளைப்பில் கொண்டுபோனார்கள். கொண்டுபோனவர்கள் திரும்ப விடவில்லை.

மாமி அதன் பிறகு மூன்று முறை வீடு மாறியிருக்கிறார். ஒவ்வொரு முறையும் அந்த இலக்கத்தைக் கூடவே கொண்டுபோனார். 2016 இல் மச்சாள் என்னைக் கூப்பிட்டார். எல்லாரிடமும் கைத்தொலைபேசி இருக்கிறது, இந்த லைனுக்கு மாதாமாதம் காசு போகிறது, நிற்பாட்டச் சொன்னால் அம்மா சாப்பிடமாட்டேன் என்கிறா என்றார். நான் அந்த இலக்கத்தை ஓர் இணையத் தொலைபேசிச் சேவைக்கு மாற்றிக் கொடுத்தேன். மாதம் சில டொலர்தான். பழைய ரெலிபோனை ஒரு சின்னப் பெட்டியில் கொளுவி, பெட்டியை றவுட்டரில் கொளுவினால் சரி.

றவுட்டரில் அந்தப் பெட்டிக்கு 192.168.1.10 என்று நிரந்தரமாக எழுதினேன். தொழில்நுட்பப்படி அது தேவையில்லை. வெளியிலிருந்து வரும் அழைப்பை றவுட்டர் உள்ளே விடாது என்று முன்னரே சொன்னேன். அதற்காக அந்தப் பெட்டி தானே அடிக்கடி வெளியே போய், சேவை நிறுவனத்தின் சேர்வரிடம் "நான் இஞ்சைதான் இருக்கிறன்" என்று சொல்லிவிட்டு வரும். அப்படிச் சொல்லிக்கொண்டே இருப்பதால்தான் கதவு திறந்திருக்கும், மணி அடிக்கும். எந்த இலக்கத்திலிருந்தும் அது அப்படிச் சொல்லலாம். என்றாலும் நான் எழுதினேன்.

என் கைத்தொலைபேசியிலிருந்து எடுத்துக் காட்டினேன். மணி அடித்தது. மாமி உடனே தூக்கவில்லை. ஐந்தாறு தரம் அடிக்க விட்டுக் கேட்டார். பிறகு, "கரண்ட் நிண்டால்?" என்றார்.

நல்ல கேள்வி. பழைய லைன், வீட்டில் மின்சாரம் இல்லாவிட்டாலும் வேலை செய்யும். 2003 ஆவணி 14 ஆம் திகதி ஒன்ராறியோவும் அமெரிக்காவின் வடகிழக்கும் இருண்டபோது மாமியின் ரெலிபோனில் சத்தம் இருந்தது. அவருக்கு அது நினைவிருக்கிறது. இந்தப் பெட்டி மின்சாரம் போனால் ஊமை. அன்று பின்னேரமே கடைக்குப் போய் ஒரு மின்கலப் பெட்டி வாங்கி வந்து, றவுட்டரையும் தொலைபேசிப் பெட்டியையும் அதில் கொளுவினேன். நான்கு மணித்தியாலம் தாங்கும் என்றேன். மாமி சரி என்று தலையாட்டினார்.

அந்த மின்கலம் மூன்று நான்கு வருடத்தில் நைந்துபோகும். ஒவ்வொரு ஆவணியிலும் போய்ச் சுவர் வயரைக் கழற்றிவிட்டு எவ்வளவு நேரம் தாங்குகிறது என்று பார்ப்பேன். மாமி தேத்தண்ணி போட்டுத் தந்துவிட்டு, மணிக்கூட்டைப் பார்த்தபடி பக்கத்தில் இருப்பார். இதுவரை இரண்டு தரம் மாற்றியிருக்கிறேன்.